பிரசவ வார்டின் செம்பு முகடு

ஓய்வுபெற்ற பொறியாளர்கள் சங்கத்தின் செயலாளர் போனில் கூப்பிட்டார். ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டுமாம். "பொதுக் கட்டடத்துக்கு உலோகம் தேர்ந்தெடுக்கறதுல உங்களுக்கு இருக்கற அனுபவம் வேற யாருக்குங்க மேடம் இருக்குது? நாலு பக்கம் எழுதிக் குடுங்க. ஒண்ணே ஒண்ணு, யாரு மனசும் புண்படாம இருக்கோணும்" என்றார்.

யார் மனமும் புண்படாமல் என்னால் எழுத முடிந்தது என் பெயரும் முகவரியும்தான். இருந்தும் ஒப்புக்கொண்டேன். அதற்கு முந்தின வாரம் ஊட்டியில் ஒரு புதுப் பொதுக் கட்டடத்துக்குப் போயிருந்தேன். படிக்கட்டின் எவர்சில்வர் கைப்பிடியைப் பிடித்து ஏறி, மேலே போய்ப் பார்த்தால் உள்ளங்கை செம்மண் நிறத்தில் இருந்தது. கட்டி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அங்கே பொறுப்பில் இருந்த பொறியாளர் கொஞ்சமும் கலங்காமல் வழவழப்பான புத்தகம் ஒன்றைக் காட்டினார். "வாழ்நாள் உத்தரவாதம் இருக்கு மேடம்." யாருடைய வாழ்நாள் என்று அதில் போடவில்லை. கைப்பிடியின் வாழ்நாள் என்றால், கம்பெனி சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டது.

நான் சொல்லப்போவது எழுபதுகளின் கடைசியில் நடந்தது. ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். குணங்களை மாற்றவில்லை.

கோவையில் பொறியியல் படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். எனக்கு உலோகவியல் சொல்லிக்கொடுத்தவர்களைவிட, பொம்பளைப் பிள்ளைக்கு இந்தப் படிப்பு எதற்கு என்று சொல்லிக்கொடுத்தவர்கள் அதிகம். அரசாங்கக் கட்டடங்களைக் கட்டுகிற இலாகாவில் வேலை கிடைத்தது. உதவிப் பொறியாளராக நீலகிரிக்கு அனுப்பினார்கள். பெண் என்பதால் வெயில் இல்லாத ஊராகப் பார்த்துக் கொடுத்ததாக மேலிடத்தில் ஒருவர் பெருந்தன்மையோடு சொன்னார். கட்டடம் கட்டுகிறவர்களுக்கு வெயிலைவிட நல்ல நண்பன் கிடையாது என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அவர் கோப்புகளை மட்டுமே கட்டியவர்.

சமவெளியில் மழை பெய்யும், நிற்கும், காயும். மலையில் காய்வது என்ற காரியமே கிடையாது. மழை நின்றால் மூடுபனி வரும். அது கதவைத் தட்டாமல் உள்ளே வந்து நாற்காலியிலும் பாயிலும் உட்கார்ந்துகொள்ளும். மேசை டிராயரில் போட்டுவைத்த குண்டூசிகள் ஒரே வாரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இந்த ஊரில் உலோகம் எப்படி உயிரை விடுகிறது என்பதை நான் முதலில் தெரிந்துகொண்டது பெர்ன்ஹில் பக்கம் இருந்த ஒரு விருந்தினர் விடுதியில். குளியலறைக் கதவுக்கு அழகான பித்தளைக் கீல்கள் போட்டிருந்தார்கள். கீலைப் பிடித்திருந்த திருகாணிகள் மட்டும் இரும்பு. ஈரத்தில் பித்தளையும் இரும்பும் ஒட்டிக்கொண்டிருந்தால் இரும்புதான் செத்துப்போகும். சென்னையிலிருந்து வந்த ஓர் உயர் அதிகாரி வெந்நீரில் சோப்புப் போட்டு நின்றபோது கதவு முழுதாகப் பெயர்ந்து வெளியே விழுந்தது. எதிரே அவரை வரவேற்க மாலையோடு எங்கள் அலுவலகம் மொத்தமும் நின்றிருந்தது. நான் பின் வரிசை. கீல் பளபளவென்று புத்தம் புதிதாக இருந்ததை மட்டும் பார்த்தேன் என்று விசாரணையில் சொன்னேன்.

இனி செயற்பொறியாளர் சதாசிவத்துக்கு வருகிறேன். என் மேலதிகாரி. ஆறடி உயரம், அடர்ந்த மீசை, சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னச் சீப்பு. உலோகத்தைத் தேர்ந்தெடுக்க அவர் வைத்திருந்த முறை உலகத்தில் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. மாதிரித் தகட்டைக் கையை நீட்டி முகத்துக்கு நேரே பிடிப்பார். முகத்தை இடப்பக்கம் திருப்பிப் பார்ப்பார். வலப்பக்கம் திருப்பிப் பார்ப்பார். சீப்பை எடுத்து மீசையை ஒரு தரம் வாரிக்கொள்வார். மீசை மயிர் தனித்தனியாகத் தெரிந்தால் "தேறும்" என்பார். இல்லையென்றால் தகட்டைப் பியூன் பக்கம் நீட்டுவார். வார்ப்பிரும்பு அவருடைய காலத்தில் ஒரு தடவைகூடத் தேறியதில்லை. ஐம்பது வருடம் உழைக்கக்கூடிய மழைநீர்க் குழாய்களை, "மொகம் மங்கலா தெரியுது" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்.

அவர் ஒரு பைசா லஞ்சம் வாங்கியதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாங்கியிருந்தால் நாலு கான்ட்ராக்டர்களோடு பேசிப் பழகி உலோகத்தைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்துகொண்டிருப்பார்.

குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவே ஒரு மேட்டில் சின்ன அரசு ஆஸ்பத்திரி இருந்தது. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். தோட்டத்துப் பெண்களுக்கு வலி எடுத்தால் லாரியிலோ ஜீப்பிலோ ஏற்றிக் குன்னூருக்குக் கொண்டுபோவார்கள். பாதிப் பேருக்கு வழியிலேயே பிரசவம் ஆகிவிடும். அதனால் அந்த ஆஸ்பத்திரியில் ஒரு பிரசவ வார்டு கட்ட உத்தரவு வந்தது. சுவரும் தரையும் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. கூரைக்கு என்ன போடுவது என்பதுதான் பேச்சு. மலையில் கான்கிரீட் தளம் போட்டால் அது ஈரத்தைக் குடித்துவிட்டு வருடம் முழுக்க உள்ளே வியர்க்கும். எனவே சரிவான தகட்டுக் கூரை, உள்ளே மரப்பலகை. இரும்புத் தகட்டின்மேல் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு போடலாம் என்று முடிவானது. எந்தக் கம்பெனித் தகடு என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

துத்தநாகப் பூச்சு தடிமனாக இருக்கிறதா என்று கண்டுபிடிக்க மயில்துத்தம் என்ற நீலச் செம்பு உப்பு போதும். தகட்டில் உள்ளங்கை அளவுத் துண்டு வெட்டி, எண்ணெய்ப் பிசுக்குப் போக பெட்ரோலில் துடைத்து, மயில்துத்தம் கரைத்த நீலத் தண்ணீரில் ஒரு நிமிஷம் முக்க வேண்டும். எடுத்துக் குழாயடியில் துணியால் தேய்த்தால் கறுப்பாகப் பொடி கழன்று வரும். துத்தநாகம் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். மறுபடி முக்க வேண்டும். எந்த முழுக்கில் துத்தநாகம் தீர்ந்து உள்ளே இருக்கும் இரும்பு வெளியே வருகிறதோ, அந்த முழுக்கில் கரைசலில் உள்ள செம்பு இரும்பின்மேல் படிந்து சிவப்பாக மின்னும். தேய்த்தாலும் போகாது. நல்ல தகடு நான்கு முழுக்குத் தாங்கும்.

அலுவலகத்தின் பின்புறம் குழாயடியில் உட்கார்ந்து நான்கு கம்பெனிகளின் மாதிரிகளை முக்கி முக்கி எடுத்துக்கொண்டிருந்தேன். ஒன்று இரண்டாவது முழுக்கிலேயே சிவந்துவிட்டது. அதைத் தூக்கி எறியப் போனபோது பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. சதாசிவம்.

"என்னம்மா இது, தங்கம் மாதிரி ஜொலிக்குது!"

"அது தேறலைங்க சார். பூச்சு ரெண்டாவது முழுக்குலயே போயிடுச்சு. வெறும் இரும்பு மேல செம்பு படிஞ்சிருக்குங்க."

அவர் காதில் விழுந்தது கடைசி வாக்கியத்தில் ஒரு சொல்தான். தகட்டைக் கை நீட்டிப் பிடித்தார். இடப்பக்கம். வலப்பக்கம். சீப்பு. அந்தச் சிவந்த ஒளியில் அவருடைய மீசை ஒரு சக்கரவர்த்தியின் மீசை மாதிரி தெரிந்திருக்க வேண்டும். "செம்பு" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஒரு பரீட்சையில் தோற்ற தகடு, கட்டடத்தின் தலையெழுத்தையே மாற்றிய கதை இதுதான். அடுத்த வாரமே உத்தரவு வந்தது. கூரைச் சரிவுகளுக்கு நான் தேர்ந்தெடுத்த ஜி.ஐ. தகடு. இரண்டு சரிவும் சேருகிற உச்சி முகட்டுக்கும் வாசல் போர்டிகோவுக்கும் செம்புத் தகடு.

நான் அவர் அறைக்குப் போனேன். "சார், போர்டிகோ தனியா நிக்குது. அதுக்குச் செம்பு போட்டா தப்பில்லீங்க. முகட்டுக்கு மட்டும் வேண்டாங்க. செம்பு மேல விழுற மழத்தண்ணி கீழ இருக்கற துத்தநாகத்து மேலதான் ஓடும். செம்பு கொஞ்சங் கொஞ்சமா கரைஞ்சு வந்து துத்தநாகத்தத் தின்னுரும். ரெண்டும் தொட்டுக்கிட்டு இருக்கற எடத்துல இன்னும் சீக்கிரமா போயிரும்."

"தண்ணி தண்ணிதானம்மா. நம்ம வீட்ல செம்புக் குடத்துல தண்ணி குடிக்கிறோம். நம்மள என்ன தின்னுடுச்சா?"

"டார்ச் லைட் பாட்டரி பழசானா கசியுமே, பாத்திருக்கீங்களா சார்? அதோட வெளிக்கூடு துத்தநாகந்தாங்க. அது கரைஞ்சுதான் ஓட்டை விழுது. அதே மாதிரிதான் இதும்."

"நான் எப்பவும் நல்ல கம்பெனி பாட்டரிதான் வாங்குறது" என்றார் சதாசிவம்.

இதற்குமேல் எந்த அறிவியலும் அவரிடம் எடுபடாது என்று தெரிந்தது. இருந்தாலும் நான் விடவில்லை. முகட்டுக்கு ஜி.ஐ. போதும், அதன்மேல் வேண்டுமானால் செம்பு நிறத்தில் பெயிண்ட் அடிக்கலாம் என்றேன். அவர் சீப்பைப் பையில் வைத்துவிட்டு, "நீங்க சயின்ஸ் படிச்சிருக்கீங்க. நான் சர்வீஸ் படிச்சிருக்கேன்" என்றார். பிறகு கான்ட்ராக்டர் பழனிச்சாமியைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டார். காரமடைக்காரர். எல்லாருடைய கருத்தும் அவருடைய கருத்துத்தான்.

"ஏனுங்க பழனிச்சாமி, முகட்டுக்குச் செம்பு போட்டா எப்படி இருக்கும்?"

"மழைக்கே ஒரு மரியாதைங்க சார்."

"ஜி.ஐ. போட்டா?"

"அதும் மரியாதைதானுங்க."

செம்பு ஏறியது.

திறப்பு விழாவுக்கு மந்திரி வந்தார். மார்கழி வெயிலில் முகடு தீப்பிடித்த மாதிரி மின்னியது. தேயிலைக் காட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் எட்டத்திலிருந்து நின்று பார்த்தார்கள். மந்திரி அண்ணாந்து பார்த்து, "கோயில் மாதிரி இருக்கே" என்றார். சதாசிவம் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு வெட்கப்பட்டார். அன்றைக்கு எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது, பாடப்புத்தகம்தான் தப்போ என்று. அழகுக்கு அவ்வளவு வலு உண்டு. மழை வருகிறவரைக்கும்.

முதல் வருடம் முகட்டுக்குக் கீழே தகட்டில் வெள்ளைக் கோடுகள் இறங்கின. இரண்டாம் வருடம் அவை பழுப்பாயின. கூரை மொத்தமும் விபூதி பூசி அது வியர்வையில் வழிந்த நெற்றி மாதிரி இருந்தது. செம்பு மட்டும் நிறம் கறுத்துக் கம்பீரமாக இருந்தது. தனக்குக் கீழே இருக்கிறவர்களைக் கரைத்துத் தான் கெடாமல் இருக்கும் கலையைச் சதாசிவம் அதனிடமிருந்து கற்றாரா, அது அவரிடமிருந்து கற்றதா என்று எனக்குத் தெரியாது.

மூன்றாம் வருடம் ஐப்பசி மழையில் வார்டு ஒழுகத் தொடங்கியது. முகட்டைப் பிடித்திருந்த போல்ட்டுகளைச் சுற்றித் தகடு பொரிந்துபோய்விட்டது. அந்த வார்டு ஸ்டெல்லா சிஸ்டரின் ராஜ்யம். குள்ளமான, கணீரென்ற குரலுடைய பெண்மணி. டாக்டர்கள் வருவார்கள், மாற்றலாகிப் போவார்கள். சிஸ்டர் அங்கேயே இருந்தார். அவர் எனக்குப் போன் செய்து மூன்றே வார்த்தை சொன்னார்: "வந்து பாருங்க, ருக்மணி."

நான் போனபோது வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே நடுக் கட்டில்களை எல்லாம் சுவரோரமாக இழுத்துப் போட்டிருந்தார்கள். நடுவில் வாளி, பேசின், வெந்நீர் அண்டா, கிடைத்த பாத்திரம் எல்லாம். சுவரோரத்தில் இடம் போதாமல் ஒரு கட்டில் மட்டும் பாதி ஒழுக்கில் நின்றது. அதில் செல்லம்மா என்ற தோட்டத்துப் பெண், முந்தின நாள் பிறந்த குழந்தையை மார்போடு அணைத்துப் படுத்திருந்தாள். அவளுடைய நாத்தனார் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று குடை பிடித்துக்கொண்டிருந்தாள். கூரைக்கு உள்ளே, கறுப்புக் குடை. குடையிலிருந்து வழிந்த தண்ணீர் அவள் தோளில் விழுந்துகொண்டிருந்தது. இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம் அவர்கள்.

"கண்டியில நாங்க இருந்த லயத்து வீடுகூட இப்பிடி ஒழுகலைங்க" என்றாள் நாத்தனார். புகார் சொல்கிற குரல் இல்லை. அதிசயத்தைச் சொல்கிற குரல். "மிச்சம் மழ, கொட்டித் தீத்துருச்சு. கை மாத்தி மாத்தி ராவெல்லாம் புடிச்சேன்."

குடையை வாங்கிக் கொஞ்ச நேரம் பிடித்தேன். தோள் வலித்தது. குழந்தை தும்மியது.

"பச்சப் புள்ளைக்குச் சளி புடிச்சா என்ன ஆகும்னு ஒங்க சாருக்குத் தெரியுமா? பக்கத்துக் கட்டில் புள்ளைக்கு ஏற்கெனவே மூச்சு எளைக்குது" என்றார் சிஸ்டர். "இன்னொரு மழ பெஞ்சா இந்த வார்டுல நான் யாரையும் படுக்கவைக்க மாட்டேன். எல்லாரையும் லாரியில ஏத்தி ஒங்க ஆபீசுக்கு அனுப்பிருவேன். அங்க ஒழுகாதில்ல?"

சதாசிவத்தை அழைத்துவந்தேன். மழைக்கோட்டோடு வந்து, வெளியே நின்றபடி நெடுநேரம் கூரையைப் பார்த்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார்: "கொரங்கு."

"சார்?"

"கொரங்கு மூத்திரம்மா. முகட்டு மேல வந்து ஒக்காருது. அது ஆசிட். தகடு போயிடுச்சு."

குரங்குகள் போர்டிகோவிலும் உட்காருகின்றனவே, அங்கே ஒன்றும் ஆகவில்லையே என்றேன். அவற்றுக்குப் போர்டிகோ பிடித்திருக்கிறது, அங்கே மரியாதையாக நடந்துகொள்கின்றன என்கிற ரீதியில் ஏதோ சொன்னார். குரங்குகளை விரட்ட ஒரு காவலாளியைப் போட்டார். துருவை மறைக்கக் கூரை முழுக்க வெள்ளி பெயிண்ட் அடிக்கச் சொன்னார். பெயிண்ட் காய்வதற்குள் அடுத்த மழை வந்து அதைக் கழுவிக்கொண்டுபோய்ச் சிஸ்டர் வளர்த்த கீரைப் பாத்தியில் விட்டது. வெள்ளி நிறத்தில் முளைக்கீரை அந்த மலையில் வேறெங்கும் விளைந்ததில்லை.

முகட்டைக் கழற்ற அனுமதி கேட்டேன். நேரில் கேட்டேன், ஜீப்பில் கேட்டேன், அவர் மகள் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்தும் கேட்டேன். மந்திரி பாராட்டிய முகட்டை மந்திரி பதவியில் இருக்கும்வரை தொட முடியாது என்றார். ஆட்சி மாறுவதற்குள் கார்த்திகை மழை வந்துவிடும்.

அப்புறம் நான் அனுமதி கேட்பதை விட்டுவிட்டேன்.

பழனிச்சாமியிடம் போனால் அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மிணி, நான் புள்ளகுட்டிக்காரனுங்க." சிஸ்டர்தான் வழி கண்டுபிடித்தார். பக்கத்துத் தோட்டத்து மேனேஜரான பெரிய தொரையின் மனைவிக்குச் சர்க்கரை வியாதி. தினமும் காலையில் ஊசி போடப் போகிறவர் ஸ்டெல்லா சிஸ்டர். அன்று காலையில் ஊசியைக் கையில் தூக்கிப் பிடித்தபடி தொரையிடம் பேசினாராம். தேயிலை பேக்டரியின் மாடிக் கூரைக்கென்று வாங்கி வைத்திருந்த தடித்த ஜி.ஐ. தகடுகளும் முகட்டுத் தகடுகளும் ஆஸ்பத்திரிக்கு நன்கொடையாகக் கிடைத்தன. தோட்டத்துத் தச்சர்களும் கிடைத்தார்கள். தகடு ஒன்றிலிருந்து துண்டு வெட்டி நான் மயில்துத்தத்தில் முக்கிப் பார்த்தேன். நான்கு முழுக்கும் தாங்கியது. நன்கொடைத் தகட்டை ஏன் பரீட்சிக்கிறீர்கள் என்று சிஸ்டர் கேட்டார். நன்கொடையா என்று மழை பார்க்காது என்றேன்.

கார்த்திகையில் இரண்டு நாள் வானம் வெளுத்தது. இரண்டாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. தாய்மார்களையும் குழந்தைகளையும் வெளிநோயாளிகள் கூடத்துக்கு மாற்றினோம். விடிந்ததும் நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினேன். போல்ட்டுகளைத் திருகிக் கழற்ற வேண்டிய வேலையே இல்லை. கையால் ஆட்டினால் பாதி வந்துவிட்டது. இரண்டு காற்று பலமாக அடித்திருந்தால் மேல் வரிசைத் தகடுகள் பறந்திருக்கும். கீழே கட்டில்கள். அதை நினைத்ததும் பக்கத்துச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உயரத்துக்குப் பயந்ததாகத் தச்சர்கள் நினைத்து எனக்குக் கயிறு கட்டினார்கள். செம்பு முகட்டையும் பொரிந்துபோன மேல் வரிசையையும் எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டோம். கீழ் வரிசை இன்னும் தேறும் நிலையில் இருந்தது. போர்டிகோவைத் தொடவில்லை. இறக்கிய செம்பைத் துணிகள் வைக்கும் அறையில் அடுக்கிப் பூட்டிச் சாவியைச் சிஸ்டரிடம் கொடுத்தேன். பொழுது சாய்வதற்குள் கட்டில்கள் நடுவுக்குத் திரும்பிவிட்டன.

திங்கட்கிழமை காலை சதாசிவம் அந்த வழியாக ஜீப்பில் போயிருக்கிறார். வளைவில் திரும்பியதும் தினமும் பார்க்கிற முகடு இல்லை. முதலில் மூடுபனி என்று நினைத்தாராம். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாராம். அப்புறம் நேரே போலீஸ் ஸ்டேஷன். அரசாங்கச் செம்பு திருட்டு, சந்தேகம் உதவிப் பொறியாளர் ருக்மணி மேல்.

சப்-இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நான் அங்கேதான் இருந்தேன். சிஸ்டர் பூட்டைத் திறந்துவிட்டார். வந்தவர், அடுக்கி வைத்திருந்த செம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வெளியே போய்ப் போர்டிகோவை ஒரு தரம் பார்த்துவிட்டு வந்தார்.

"ஏனுங்கம்மா, திருடோணும்னா ஏணி இல்லாம எட்டற எடத்துல அவ்வளவு செம்பு இருக்குது. அத விட்டுப்போட்டு உச்சியில ஏறிக் கழட்டி, அதையும் இங்கயே பூட்டி வெச்சிருக்கீங்க. அதுக்குப் பதிலா சொந்தமா வேற கூரையும் போட்டுக் குடுத்திருக்கீங்க." தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "நானும் எல்லாச் செக்ஷனும் பாத்துட்டேன். இதுக்கு எதுமே இல்லைங்க." ஒரு டீ குடித்துவிட்டுப் போனார்.

போலீஸ் விட்டாலும் இலாகா விடுமா? கோவையிலிருந்து ஒரு கண்காணிப்புப் பொறியாளர் விசாரணைக்கு வந்தார். அனுமதியின்றி அரசுச் சொத்தைக் கழற்றியது, தனியாரிடம் நன்கொடை பெற்றது, விடுமுறை நாளில் வேலை செய்தது என்று என்மேல் மூன்று குற்றங்கள். மூன்றாவதைப் படிக்கும்போது அவருக்கே குரல் கொஞ்சம் இறங்கியது.

நான் இரண்டு பழைய தகடுகளை மேசையில் வைத்தேன். ஒன்று முகட்டுக்கு நேர் கீழே இருந்தது, சல்லடை. இன்னொன்று அதே கம்பெனி, அதே நாளில் போட்டது, செம்புத் தண்ணீர் படாத பின்புற விறகுக் கொட்டகையிலிருந்து எடுத்தது, புதுசு போல. அவர் இரண்டையும் தடவிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அதை நான் அவர் கண்ணில் பார்த்தேன். அவருக்குப் புரிந்தது என்பது எழுத்தில் வரக்கூடாது என்று அவர் முடிவு செய்ததையும் அதே கண்ணில் பார்த்தேன்.

"இப்ப ஒழுகுதா?" என்று சதாசிவத்தைக் கேட்டார்.

"இல்ல சார். கோட்டத்துல எடுத்த துரித நடவடிக்கையால ஒழுகல் முழுசா நின்னுடுச்சு" என்றார் சதாசிவம்.

அந்த வாக்கியம் ஒன்றே இரண்டு பேருடைய வாழ்க்கையையும் முடிவு செய்தது. துரித நடவடிக்கை எடுத்த கோட்டத்தின் தலைவர் என்ற முறையில் அவருக்குப் பதவி உயர்வு வந்தது. அந்த நடவடிக்கையை எடுத்தவள் என்ற முறையில் எனக்குக் கண்டனமும் சம்பள உயர்வு நிறுத்தமும் கூடலூருக்கு மாற்றலும் வந்தன. குடை பிடித்த பெண்ணைப் பற்றி விசாரணையில் யாரும் கேட்கவில்லை. நானாகச் சொல்ல எழுந்தபோது அது குற்றச்சாட்டுக்குச் சம்பந்தமில்லாதது என்று உட்காரவைத்தார்கள். என் அத்தனை வருட நல்ல பெயர் போனதற்குக்கூட நான் அழவில்லை. அந்தச் "சம்பந்தமில்லாதது" என்ற சொல்லுக்கு வீட்டுக்கு வந்து அழுதேன்.

இரண்டு பேரும் ஒரே வாரத்தில் கிளம்புவதால் அலுவலகத்தில் சிக்கனமாக ஒரே வழியனுப்பு விழா வைத்தார்கள். குன்னூரில் ஒரு மண்டபம், வடை, காபி, வாடகை மைக். மேடையில் நடுவில் சதாசிவம், ஓரத்தில் நான். பேசியவர்கள் எல்லாரும் அவருடைய முன்யோசனையைப் புகழ்ந்தார்கள். பழனிச்சாமி மலைக்கே கூரை போட்டவர் என்றார். ஸ்டெல்லா சிஸ்டரை யாரும் அழைக்கவில்லை. அவராகவே வந்து முதல் வரிசையில், வெள்ளைச் சீருடையில், கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார்.

பெரியவருக்கு நான்தான் மாலை போட வேண்டும் என்று ஏற்பாடு. போட்டேன். ஆறடி மனிதர் மாலைக்காகக் குனிந்தபோது அவர் வாய் என் காதுக்குப் பக்கத்தில் வந்தது. யாருக்கும் கேட்காமல் சொன்னார்: "நீங்க செஞ்சதுதாம்மா சரி. எனக்குத் தெரியும்."

தண்டனைக் காகிதம் வந்த அன்றைக்குக்கூட எனக்கு அவ்வளவு கோபம் வந்ததில்லை. தெரியாமல் செய்த மனிதரோடு எனக்குச் சண்டை இல்லை. இத்தனை நாளும் அப்படித்தான் நினைத்து அவரைக் கேலி செய்து சமாளித்துவந்தேன்.

"மைக் உங்க முன்னாடிதாங்க சார் இருக்குது" என்றேன். "அதுல சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். கூடத்தில் எல்லாரும் அவர் பேசப்போவதாக நினைத்துக் கை தட்டினார்கள். முதல் வரிசையில் ஸ்டெல்லா சிஸ்டர் மட்டும் தட்டவில்லை. சதாசிவம் மைக்கருகே போய்த் தொண்டையைக் கனைத்தார். கை சட்டைப் பையிலிருந்த சீப்புக்குப் போய், அதை எடுக்காமல் திரும்பியது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அந்த மனிதர் சொல்லிவிடுவார் என்று நானே நம்பிவிட்டேன்.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றார். "வடை ரொம்ப நல்லா இருந்துச்சு."